ஆற்றங்கரைக் கல்மண்டபங்களைப் பிள்ளைகளோடு படம் எடுத்த வேலை

தாமிரபரணிக் கரையில் குறுக்குத்துறையில் தொடங்கி மீனாட்சிபுரம், கைலாசபுரம், கொக்கிரகுளம், சிந்துபூந்துறை, வண்ணார்பேட்டை என்று போகப் போகப் படித்துறைகளும் கல்மண்டபங்களும்தான். திருநெல்வேலிக்காரர்கள் வீட்டில் இந்த இடங்களின் படம் ஒன்றாவது இருக்கும். காதுகுத்து, கல்யாணம், தைப்பூசம், இப்போது ரீல்ஸ். ஆனால் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் ஆறு கரைமீறி வந்து வடிந்த பிறகு, இந்தத் தூண் முன்னால் எப்படி நின்றது, இந்தப் படிக்கல் எங்கிருந்து பெயர்ந்தது என்று பார்க்கத் தேடினால் உருப்படியான படம் ஒன்றுகூட அகப்படவில்லை. எல்லாப் படத்திலும் ஆட்கள் இருந்தார்கள். மண்டபம் அவர்கள் தலைக்குப் பின்னால் மங்கலாகத் தெரிந்தது.

நான் பாளையங்கோட்டையில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கோடை லீவில் கேமரா பழக வரும் பிள்ளைகளிடம் இதைச் சொன்னேன். பத்தாவது முடித்தவர்கள், பாலிடெக்னிக்கில் படிக்கிறவர்கள், நர்சிங் சேரக் காத்திருந்த ஒரு பெண் என்று கலந்த கூட்டம். “அப்போ நாமளே எடுத்துருவோம் அண்ணாச்சி” என்று அந்தப் பெண்தான் முதலில் சொன்னது. அவரவர் கைபேசி, கடையிலிருந்து ஒரு டிரைபாட், இரண்டு டார்ச் லைட், பள்ளிக்கூடத்து அடிஸ்கேல், ஒரு கட்டம் போட்ட நோட்டு. இவ்வளவுதான் சாமான்.

வேலை தொடங்கும்போதே ஒன்றைப் பேசி வைத்துக்கொண்டோம். ஒரு கல் ஆற்றோடு போய்விட்டால், நம் படத்தைப் பார்த்து ஒரு கல்தச்சர் அதே அளவில், அதே வேலைப்பாட்டில் வேறொன்று செதுக்கி வைக்க முடிய வேண்டும். இந்த ஊரைப் பார்த்தே இராதவர் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் தூணின் முன்னால் போய் நிற்க முடிய வேண்டும். அழகாக எடுப்பது அதற்கு அப்புறம். பிள்ளைகளுக்கு இது உடனே பிடித்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். கல்லை ஆரஞ்சு நிறமாக்கும் ஃபில்டர்களை விட மனசு வரவே சில பேருக்கு நாள் ஆயிற்று. ஃபில்டர் போட்ட படத்தில் கல்லின் நிறம் பொய். நிறம் பொய்யாகிவிட்டால் எது பாசி, எது எண்ணெய்ப் பிசுக்கு, எது வெள்ளம் நின்ற கறை என்று பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. என் கருத்தில் ஊரின் பழமையைப் படம் எடுக்கிற பிள்ளைகளுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதான்.

தூணை எடுப்பது

முதல் நாள் வந்த படங்களில் தூண்கள் எல்லாம் மேலே போகப் போக ஒன்றையொன்று நெருங்கிச் சாய்ந்திருந்தன. கிட்டே நின்று கைபேசியை மேல்நோக்கிச் சாய்த்தால் அப்படித்தான் விழும். பின்னால் நகர்ந்து, 2 மடங்கு லென்ஸுக்கு மாற்றி, கைபேசியைத் தூணுக்கு இணையாக நிமிர்த்திப் பிடிக்கச் சொன்னேன். திரையில் கட்டக்கோடுகளைப் போட்டுக்கொண்டு தூணின் ஓரத்தை அந்தக் கோட்டோடு பொருத்தினால் சரியாகிவிடும். பின்னால் போக இடமில்லாத மண்டபத்தில் தூணை மூன்று துண்டாக எடுத்தோம். ஒவ்வொரு துண்டும் அடுத்ததோடு பாதிக்கு மேல் ஒன்றின்மேல் ஒன்று படிய வேண்டும். பிறகு கம்ப்யூட்டரில் ஒட்டிக்கொள்ளலாம்.

எடுக்கும் முன்னால் நோட்டில் மண்டபத்தின் தரைப்படம். வடக்கை மேலே வைத்து, வடகிழக்கு மூலைத் தூணுக்கு 1 என்று எண் போட்டு வரிசையாக. ஒவ்வொரு தூணுக்கும் நான்கு முகம்; முகத்துக்கு ஒரு முழுப் படம்; அப்புறம் சதுரம், எட்டுப்பட்டை, போதிகை (தூணின் தலையில் உத்தரத்தைத் தாங்கும் கல்) என்று பகுதி பகுதியாக. ஸ்கேல் படத்தின் ஓரத்தில், கல்லைத் தொடாமல், கல்லின் அதே தளத்தில் இருக்க வேண்டும். கல்லுக்கு முன்னால் நீட்டிப் பிடித்த ஸ்கேல் அளவைத் தப்பாகக் காட்டும். போதிகை என்ற சொல்லைப் பிள்ளைகள் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டார்கள். இரண்டு நாளில் அவர்களுக்குள்ளேயே “ஏல, நாலாம் நம்பர் போதிகைல விரிசல் இருக்குல்லா, அதைக் கிட்டத்துல எடுத்தியா?” என்று பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள். அதைக் கேட்டபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை என்ன சொல்ல.

வெளிச்சத்தைச் சாய்ப்பது

இந்த வேலையில் நான் அதிகம் நேரம் செலவழித்ததும் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்ததும் இந்தப் பகுதிதான்.

படித்துறைக் கற்களிலும் தூண்களிலும் எழுத்து இருப்பது எல்லாருக்கும் தெரியும். வாசிக்கத்தான் முடிவதில்லை. நேரே அடிக்கும் உச்சி வெயிலிலும் கைபேசி ஃபிளாஷிலும், வெட்டிய பள்ளமும் மேல்தளமும் ஒரே நிறமாகத் தெரியும். எழுத்தின் ஆழமோ சில மில்லிமீட்டர். அதற்குள் நிழல் விழுந்தால்தான் எழுத்து தட்டுப்படும். அதற்கு டார்ச்சைக் கல்லின் பரப்போடு 10 முதல் 20 டிகிரிக்குள் சாய்த்துப் பிடிக்க வேண்டும். ஒரு கைநீளமாவது தள்ளிப் பிடிக்க வேண்டும். ரொம்பக் கிட்டே வைத்தால் டார்ச்சின் பக்கம் வெளுத்துப்போய், மறுபக்கம் இருண்டுவிடும். கல்மண்டபத்துக்குள் பகலிலும் நிழல்தான் என்றாலும் காலையில் வெயில் உள்ளே நுழையும் முன்பும், சாயங்காலம் மசங்கும் நேரத்திலும் செய்தோம்.

டார்ச்சை எந்தப் பக்கத்திலிருந்து பிடிக்கிறோம் என்பதில் பெரிய விஷயம் இருக்கிறது. வெளிச்சம் வரும் திசையிலேயே ஓடும் கோட்டுக்கு நிழல் விழாது. இடப்பக்கம் டார்ச் பிடித்தால் ‘ப’ என்ற எழுத்தின் இரண்டு நிற்கும் கோடும் பளிச்சென்று தெரியும். அடிக்கோடு காணாமல் போகும். மேலிருந்து பிடித்தால் அடிக்கோடு மட்டும் கிடக்கும், நிற்கும் கோடுகள் மங்கிவிடும். அதனால் கேமராவை டிரைபாடில் அசையாமல் வைத்துவிட்டு இடம், வலம், மேல், கீழ் என்று நான்கு படம் எடுக்க வேண்டும். நான்கையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிப் பார்த்தால் எழுத்து முழுசாகப் புரியும். கீழிருந்து வெளிச்சம் அடித்த படத்தில் இன்னொரு மாயம் உண்டு. வெட்டிய எழுத்து புடைத்து நிற்பது மாதிரித் தெரியும். வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று நம் கண் பழகிப்போயிருப்பதே காரணம். எந்தப் பக்கத்து வெளிச்சம் என்று படத்தின் பெயரிலேயே எழுதி வைக்காவிட்டால் பிறகு பார்க்கிறவர் புடைப்புச் செதுக்கல் என்று நினைத்துவிடுவார்.

கைபேசிகளில் ஹெச்.டி.ஆர். தானாகவே வேலை செய்யும். நிழலை வெளுக்கவைப்பதுதான் அதன் வேலை. நமக்கு வேண்டியதோ அந்த நிழல். அதை அணைத்துவிட்டு, திரையில் எழுத்தின் மேல் விரலை அழுத்தி வெளிச்ச அளவைப் பூட்டி, 3 விநாடி டைமரில் எடுத்தோம். டைமர் போட்டால் விரல் பட்டுக் கைபேசி ஆடாது.

ஒரு படித்துறையில், துணி துவைத்துத் துவைத்து வழவழத்துப்போன ஒரு கல். அதில் எழுத்து இருப்பதே யாருக்கும் தெரியாது. டார்ச் சாய்ந்ததும் ‘கொல்லம்’ என்ற சொல் எழுந்து வந்தது. அதை அடுத்து ஒரு குறி. பாலிடெக்னிக் பையன் அதைப் பார்த்து, “சூ மாதிரி இருக்கு அண்ணாச்சி” என்றான். அது ௲, ஆயிரத்துக்கான தமிழ் எண் குறி. அதற்கப்புறம் கல் உடைந்திருந்தது. ஆனாலும் கணக்குப் போட முடிந்தது. கொல்லம் ஆண்டு கி.பி. 825இல் தொடங்குகிறது. திருநெல்வேலிச் சீமையில் இன்றைக்கும் வீட்டு விசேஷப் பத்திரிகைகளில் அது இருக்கிறது. கொல்லம் 1000 என்பது 1824, 1825ஐ ஒட்டி வரும். ஆக, ஆயிரம் என்று தொடங்கும் இந்தக் கல் 1824க்கு முந்தியதாக இருக்க முடியாது. பிள்ளைகள் ஒரு கல்லின் வயதைத் தாங்களே கண்டுபிடித்தார்கள். அன்றைக்கு வீட்டுக்குப் போகச் சொல்லியும் யாரும் கிளம்பவில்லை.

எழுத்து மேலும் தெளிவாக வேண்டும் என்று ஒரு பையன் சாக்பீஸால் தடவலாமா என்றான். கூடாது. சாக்பீஸ், கோலமாவு, எண்ணெய் எதுவும் கல்லின் மேல் படக்கூடாது. பழைய சுண்ணாம்புப் பூச்சைச் சுரண்டவும் கூடாது. நம் ஊகத்தின்படி எழுத்துக்குள் கோடு இழுத்துவிட்டால், பின்னால் வரும் அறிஞருக்கு நம் ஊகம்தான் கிடைக்கும், கல்வெட்டு கிடைக்காது. தொல்லியல் துறையினர் ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டிப் பதியவைத்து, மை ஒற்றி எடுக்கும் மைப்படி முறை இருக்கிறது. அது பயிற்சியும் அனுமதியும் உள்ளவர்கள் செய்ய வேண்டியது. நமக்கு வெளிச்சம் போதும்.

வாசிப்பதிலும் சில சங்கதிகளைச் சொல்லிக்கொடுத்தேன். பழைய கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள். ‘க’வும் ‘க்’கும் ஒன்றாகவே தெரியும். காலும் ‘ர’வும் ஒரே மாதிரி இருக்கும். எ, ஏ வேறுபாடும் கிடையாது. இவ்வளவு தெரிந்தாலே பிந்திய காலக் கல்வெட்டில் ஊர்ப் பெயரையும் ஆள் பெயரையும் பிள்ளைகள் தட்டித் தடவிப் பிடித்துவிடுகிறார்கள். அம்பாசமுத்திரத்தில் உள்ள வரகுண பாண்டியனின் 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு போன்றவை வட்டெழுத்து என்ற பழைய எழுத்து வகையில் இருப்பவை. அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். வாசிக்கத் தெரியாவிட்டாலும் நான்கு பக்க வெளிச்சத்தில் ஒழுங்காக எடுத்துவைத்தால் வாசிக்கத் தெரிந்தவருக்கு உதவும்.

படித்துறையில் குளிப்பவர்கள்

ஆற்றங்கரையில் கேமராவைத் தூக்குவதற்குக் கட்டாயமான ஒழுங்கு ஒன்று உண்டு. காலையிலும் சாயங்காலமும் பெண்கள் குளிக்கிற இடம் அது. குளிக்கிறவர்கள் இருக்கும் நேரம் கைபேசி பைக்குள்தான். தள்ளி நின்று ஸூம் செய்வதும் கிடையாது. மதியம் ஆளில்லாத நேரத்தில் தரைப்படம், அளவுகள், நோட்டு வேலை. ஆள் இல்லை என்று உறுதியான பிறகு படம். அங்கே துணி துவைக்கிறவர்களிடம் முதலில் போய், யார் வீட்டுப் பிள்ளைகள், எதற்கு எடுக்கிறோம் என்று சொல்லிவிடுவோம்.

சொல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதும் தெரிந்தது. ஸ்கேலும் நோட்டுமாக அளந்துகொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்து, கரையில் பெட்டிக்கடை வைத்திருக்கும் பெரியவர், “என்ன தம்பி, கடையை எடுக்கச் சொல்லி அளக்க வந்திருக்கியளா?” என்று பதறிப்போய் வந்தார். பாவம், அவர் பிழைப்பு அது. நோட்டைக் காட்டி, “இல்ல பெரியப்பா, மண்டபத்தைத்தான் எழுதுதோம்” என்று அந்த நர்சிங் பெண் விளக்கினாள். அதற்கப்புறம் அவர்தான் எங்களுக்கு வழிகாட்டி. 1992 வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது, 2023இல் எதுவரை வந்தது என்று இரண்டு தூணில் கைவைத்துக் காட்டினார். அந்த இரண்டு மட்டத்தையும் ஸ்கேலோடு படம் எடுத்து, அவர் சொன்னபடியே நோட்டில் எழுதினோம். துவைத்துக்கொண்டிருந்த ஒரு ஆச்சி கேட்டுவிட்டு, “அவரு சொல்லுதது தப்புட்டி. தொண்ணூத்திரெண்டுல அந்தப் பூவேலை வரைக்கும் ஏறிச்சு, எங்க மாமியா காட்டினாவ” என்றார். அதையும் எழுதினோம். இரண்டு பேர் இரண்டு மாதிரி சொன்னால் இரண்டையும் எழுத வேண்டும். எது சரி என்று நாம் அங்கேயே தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை.

வீட்டு ஆல்பங்கள்

அந்த ஆச்சி வீட்டு ஆல்பத்தில்தான் நாங்கள் தேடியது கிடைத்தது. கறுப்பு வெள்ளைக் கல்யாணப் படம். குறுக்குத்துறையில் படியில் நிற்கும் குடும்பம், பின்னால் மண்டபம், அதற்கும் பின்னால் ஆற்றுக்குள் முருகன் கோயில். வெள்ளம் வந்தால் முழுகி எழும் கோயில் அது. உற்சவரை அப்போது கரையில் உள்ள மேலக்கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். அந்தப் படத்தை எடுத்தவர் நின்ற அதே இடத்தில் நின்று இன்றைய படத்தை எடுத்தால், இடையில் என்ன மாறியது என்று கல் கல்லாகப் பார்க்கலாம்.

அதே இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. பழைய படத்தில் கிட்டத்துத் தூணின் ஓரம் தூரத்துக் கோயிலின் எந்தப் புள்ளியைத் தொடுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். அங்கே போய் இடமும் வலமுமாக நகர்ந்தால் அந்த இரண்டும் சேரும் இடம் ஒரே கோட்டில்தான் வரும். இதே போல இன்னொரு ஜோடியைப் பிடித்தால் இன்னொரு கோடு. இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் கேமரா நின்றிருக்கிறது. பிள்ளைகள் இதைச் சரியாகச் செய்துவிட்டார்கள். ஆனாலும் படம் பொருந்தவில்லை. தூணின் தலைப்பகுதி பழைய படத்தில் இன்னும் உயரமாகத் தெரிந்தது. படத்தின் வடிவத்தைப் பாருங்கள் என்றேன். அது சதுரம். அந்தக் காலத்து ஸ்டுடியோக்காரர்கள் 120 ஃபிலிம் போட்ட இரட்டை லென்ஸ் கேமராவை வயிற்றுக்கு நேரே பிடித்து, மேலிருந்து குனிந்து பார்த்து எடுப்பார்கள். யாஷிகா, ரோலைஃபிளக்ஸ் எல்லாம் அந்த வகை. கண்ணுக்கு நேரே பிடிக்கிற கைபேசியை இடுப்பு உயரத்துக்கு இறக்கியதும் இரண்டு படமும் ஒன்றன்மேல் ஒன்று அச்சாகப் பொருந்திவிட்டன. பழைய படத்தில் தெரிந்த கீழ்ப்படிகள் இன்றைக்கு மணலுக்குள் இருக்கின்றன என்பது அப்போதுதான் தெரிந்தது.

சுலோச்சன முதலியார் பாலத்தையும் எடுத்தோம். 1843இல் சுலோச்சன முதலியார் தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டிக்கொடுத்த பாலம்; அதற்கு முன் நெல்லைக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே ஆற்றைக் கடக்கப் படகுதான். மேலே பஸ்ஸில் போகிறவர்களுக்கு அதன் 11 வளைவுகள் தெரியாது. கீழே இறங்க வேண்டும். பக்கத்தில் இணைப் பாலம் வந்துவிட்டதால் முழுப் பாலத்தையும் ஒரே படத்தில் அடக்குவது கஷ்டம்; வளைவு வளைவாக எடுத்து எண் போட்டோம். கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயில் சிற்பங்களுக்கும், திருப்புடைமருதூர் கோபுரத்துக்குள் இருக்கும் மர வேலைப்பாட்டுக்கும் ஓவியங்களுக்கும் முறைப்படி அனுமதி கேட்டுத்தான் போக வேண்டும். திருப்புடைமருதூரில் குதிரைகளை ஏற்றிவரும் கப்பல் ஓவியத்தைப் பார்க்கப் பிள்ளைகள் துடிக்கிறார்கள். அங்கே ஃபிளாஷும் டார்ச்சும் கூடாது என்பதை இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். கல்லுக்குச் செய்ததை வண்ணத்துக்குச் செய்யக்கூடாது; பலமான வெளிச்சம் பட்டுக்கொண்டே இருந்தால் பழைய வண்ணம் வெளிறும்.

படங்களைச் சேர்த்துவைப்பது

பிள்ளைகள் முதலில் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும்; எடுத்த தேதி, இடம், லென்ஸ் விவரம் எல்லாம் உதிர்ந்துவிடும். அனுப்பியே ஆக வேண்டுமென்றால் ‘டாக்குமெண்ட்’ என்று அனுப்ப வேண்டும். நாங்கள் கேபிள் போட்டு நேரே கம்ப்யூட்டருக்கு ஏற்றினோம். படத்தின் பெயர்: ஊர், மண்டபம், தூண் எண், முகம், வெளிச்சத் திசை, தேதி. ‘குறுக்குத்துறை-தூண்4-கிழக்கு-இடவெளிச்சம்’ என்று பார்த்தவுடன் புரிய வேண்டும். கடையில் ஒரு ஹார்ட் டிஸ்க், ஒரு பிள்ளை வீட்டில் இன்னொன்று. பெயர், தேதி எழுதிய 6க்கு 4 பிரிண்ட் ஒரு செட். எதையும் திருத்தாத மூலப்படம் தனி ஃபோல்டரில் இருக்கும். அதை யாரும் தொடுவதில்லை. மண்டபப் படங்களைக் காப்புரிமை விலக்கி விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றும் வேலையைப் பெரிய பிள்ளைகள் பார்க்கிறார்கள். வீட்டு ஆல்பப் படங்கள் அங்கே போகாது. அவை அந்தந்தக் குடும்பத்துக்குச் சொந்தம். எங்களிடம் நகல் மட்டும், அவர்கள் சம்மதத்தோடு.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் சிந்துபூந்துறை வரை முடித்துவிட நினைக்கிறோம். ஐப்பசி பிறந்தால் தண்ணீர் ஏறிவிடும், கீழ்ப்படிகள் கிடைக்காது. பாளையங்கோட்டைக் கோட்டையில் எஞ்சியிருக்கும் வாசலும் பட்டியலில் இருக்கிறது. 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை சிறையிலிருந்து தப்பியது அந்தக் கோட்டையிலிருந்துதான்.

உங்கள் வீட்டில் ஆற்றங்கரையோ மண்டபமோ பின்னால் தெரியும் பழைய படம் இருந்தால், ஆல்பத்தில் ஒட்டியிருப்பதைப் பிய்த்து எடுக்காதீர்கள். பிரிண்டின் மேல்தோல் உரிந்து வந்துவிடும். ஆல்பம் தாள் தாளாகப் பிரியும் வகையானால் அந்தத் தாளை அப்படியே ஸ்கேனரில் வைத்து 600 டி.பி.ஐ.யில் எடுங்கள். ஸ்கேனர் இல்லையென்றால் ஜன்னலோர நிழலில் ஆல்பத்தைத் தட்டையாக விரித்து, கைபேசியை நேர் மேலே இணையாகப் பிடித்து, ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கலாம். படத்தில் இருப்பவர்கள் யார், எந்த ஆண்டு, எந்தப் படித்துறை என்று தெரிந்த பெரியவர் வீட்டில் இருக்கும்போதே கேட்டு, தனித் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். படத்தின் பின்புறத்தில் எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் பேனா வேண்டாம். மென்மையான பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல் எழுதுங்கள்.